வைக்கிங் 1976: செவ்வாய் மண்ணிலிருந்து வாயு வந்தது, அப்புறம் ஏன் "உயிர் இல்லை" என்றார்கள்?

தாமிரபரணி_வாத்தியார்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளே ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவார்கள். போன கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வைக்கிங் விண்கலங்களைப் பற்றிப் பேசினாள். முடித்த கையோடு என்னிடம் கேட்டாள்: "சார், உயிர் இருந்தா வாயு வரும், இல்லன்னா வராதுன்னு அவங்களேதான் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. வாயு வந்துச்சு. அப்புறம் ஏன் இல்லன்னு சொன்னாங்க?"

"மற்ற விஞ்ஞானிகள் ஏற்கவில்லை" என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வைக்கிங் 1 1976 ஜூலை 20 அன்று கிரைசி சமவெளியிலும், வைக்கிங் 2 செப்டம்பர் 3 அன்று யூட்டோப்பியா சமவெளியிலும் இறங்கின. இரண்டிலும் மூன்று மூன்று உயிரியல் சோதனைகள். அவற்றில் கில்பர்ட் லெவினும் பட்ரிசியா ஸ்ட்ராட்டும் நடத்திய 'லேபிள்டு ரிலீஸ்' சோதனை, அதாவது மண்ணில் சத்துநீர் விட்டு வாயு வருகிறதா என்று பார்ப்பது, இரண்டு இடத்திலும் "ஆம்" என்றது. சூடாக்கிய மண்ணில் வாயு வரவில்லை. லெவின் 2021இல் இறக்கும்வரை, தாங்கள் கண்டது உயிர்தான் என்பதில் உறுதியாக இருந்தார்.

"ஆம்" எப்படி "இல்லை" ஆயிற்று? சந்தேகம் என்றால் அதே சோதனையை இன்னொரு முறை அனுப்பியிருக்கலாமே, ஏறக்குறைய ஐம்பது வருஷமாக ஏன் அனுப்பவில்லை? பதினான்கு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

ராக்கெட்_ரசிகன்

சார், ஒரே வார்த்தை: பெர்குளோரேட். 2008இல் பீனிக்ஸ் விண்கலம் செவ்வாயின் வடபகுதியில் இறங்கி மண்ணைக் கரைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய அரை சதவீதம் பெர்குளோரேட் இருந்தது. குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு, வலுவான ஆக்சிஜனேற்றி. வைக்கிங் ஊற்றிய சத்துநீரை அதுதான் உடைத்து வாயுவாக்கியிருக்கும். உயிருக்கு அங்கே வேலையே இல்லை. விஷயம் அத்தோடு முடிந்தது என்பது என் கருத்து.

குடிநீர்_லேப்

சார், அந்தப் பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டிருக்கிறாள்.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியல் பகுதியில் வேலை பார்க்கிறேன். வைக்கிங் சோதனை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் அது பிறந்ததே எங்கள் தொழிலில்தான். லெவின் வானியல் படித்தவர் இல்லை. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத் துறைகளில் வேலை பார்த்த சானிட்டரி இன்ஜினியர். குடிநீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கோலிஃபார்ம் சோதனைக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. சத்துக் கரைசலில் கார்பன்-14 சேர்த்தார். பாக்டீரியா அதைத் தின்றால் வெளியே விடுகிற வாயுவிலும் கதிரியக்கம் இருக்கும். வாயு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், கருவி முதலிலேயே பிடித்துவிடும். இந்த யோசனைதான் பிற்பாடு செவ்வாய்க்குப் போனது.

எங்கள் மேஜையில் இன்றும் பழைய முறை ஓடுகிறது. ஊதா நிற மெக்கான்கி கரைசல் நிரப்பிய சோதனைக் குழாய், அதற்குள் தலைகீழாக ஒரு சின்னக் குழாய். அதற்கு டர்ஹாம் குழாய் என்று பேர். தண்ணீர் மாதிரியை ஊற்றி 37 டிகிரியில் வைத்துவிட்டால், கோலிஃபார்ம் இருக்கும் பட்சத்தில் 48 மணி நேரத்துக்குள் கரைசல் மஞ்சளாகும், சின்னக் குழாயின் உச்சியில் வாயு தேங்கி நிற்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, மாதிரியை ஊற்றுவதற்கு முன்பே டர்ஹாம் குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. கிருமி நீக்கும்போது சரியாக வெளியேறாத காற்று சில குழாய்களில் கடுகளவு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் விட்டால் நாளை மறுநாள் நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீர் என்று எழுதிவிடுவோம்.

இதற்கு அடுத்ததுதான் உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதில். வாயு வந்த குழாயை வைத்து மட்டும் நாங்கள் அறிக்கை எழுத மாட்டோம். அந்தக் கட்டத்துக்குப் பேரே பிரிசம்ப்டிவ், அதாவது அப்படி இருக்கலாம் என்கிற அளவுக்குத்தான். கோலிஃபார்ம் அல்லாத வேறு பாக்டீரியாவும் கரைசலில் இருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நொதிக்க வைத்து வாயு விடும். அதனால் அந்தக் குழாயிலிருந்து கம்பி வளையத்தால் ஒரு துளி எடுத்துப் பச்சைக் கரைசலில் போட்டு மறுபடி வைப்போம், அது கன்ஃபர்ம்டு. அதிலும் வந்தால் தட்டில் வளர்த்து, பச்சை உலோக மினுமினுப்போடு திட்டு வருகிறதா என்று பார்த்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்போம், அது கம்ப்ளீட்டட்.

லெவினுக்குக் கிடைத்தது செவ்வாயின் பிரிசம்ப்டிவ் பாசிட்டிவ். அதற்கு மேலே போக அந்தப் பெட்டிக்குள் வசதி இல்லை. நுண்ணோக்கி இல்லை, வளர்த்துப் பார்க்கத் தட்டு இல்லை.

இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள் செய்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அரை மில்லிலிட்டர் அளவு மண், அதன் மேல் 0.115 மில்லிலிட்டர் சத்துநீர். வெறும் சொட்டு. அதில் ஃபார்மேட், கிளைகோலேட், கிளைசின், அலனைன், லாக்டேட் எல்லாம் கலந்திருந்தது. சொட்டு விழுந்ததும் கதிரியக்க வாயு மளமளவென்று ஏறியது. ஒப்பீட்டுக்கு இன்னொரு பகுதி மண்ணை 160 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடாக்கிவிட்டு அதே சொட்டை விட்டார்கள். வாயு இல்லை. 50 டிகிரியை ஒட்டிச் சூடாக்கியபோது வேகம் பெரும்பாலும் அடங்கிப்போனது. இருட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்த மண்ணும் செயலற்றுப் போயிருந்தது. புற ஊதாக் கதிர் மண்ணில் செய்கிற வேலையாக இருக்குமோ என்று, வைக்கிங் 2இன் கையால் ஒரு கல்லைத் தள்ளி அதற்கு அடியில் இருந்த மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். அதிலும் வாயு வந்தது.

50 டிகிரி விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. மலக் கோலிஃபார்மை மற்றதிலிருந்து பிரிக்க நாங்கள் 44.5 டிகிரியில்தான் வைக்கிறோம். சில டிகிரி வித்தியாசத்தில் ஒன்று வாழும், ஒன்று அடங்கும். அது உயிரின் குணம் என்றுதான் எங்கள் கைக்குப் பழக்கம். லெவினும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். அவர் ஏன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனாலும் நான் "உயிர்" என்று கையெழுத்துப் போட மாட்டேன். என்னை நிறுத்துவது இரண்டாவது சொட்டு. வாயு ஏறி நின்ற பிறகு அதே மண்ணில் மறுபடியும் சத்துநீர் விட்டார்கள். உள்ளே பசித்த உயிர் இருந்தால் புது வாயு கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. அதற்குப் பதிலாக, ஏற்கனவே வந்திருந்த வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஈரமான மண் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. முதல் வளைவைப் பார்த்தாலும் அப்படித்தான். பாக்டீரியா என்றால் முதலில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அப்புறம் பெருகப் பெருக வளைவு செங்குத்தாகும். இங்கே எடுத்த எடுப்பிலேயே வேகம், பிறகு தளர்ந்து சமமாகிவிட்டது. வந்த மொத்த வாயுவும் சத்துநீரில் இருந்த பல பொருள்களில் ஒன்றே ஒன்று உடைந்தால் வரக்கூடிய அளவுக்குள் அடங்கியது. மண்ணில் ஏதோ ஒரு வேதிப்பொருள் கொஞ்சமாக இருந்தது, சொட்டு பட்டதும் செலவாகித் தீர்ந்தது என்றால் இதெல்லாம் பொருந்தும்.

பக்கத்து அறையில் வேறு இரண்டு சாட்சிகள் இருந்தன. வான்ஸ் ஒயாமாவின் வாயுப் பரிமாற்றச் சோதனையில் மண்ணுக்கு ஈரப்பதம் காட்டிய உடனே ஆக்சிஜன் வந்தது, சூடாக்கிய மண்ணிலும் வந்தது. உயிர் அப்படிச் செய்யாது. இன்னொன்று கிளாஸ் பீமனின் கருவி. மண்ணை 500 டிகிரிவரை சூடாக்கி, உயிரின் உடம்பு கட்டத் தேவையான கரிமப் பொருளைத் தேடியது. குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் இரண்டும் மிகச் சொற்பமாகக் கிடைத்தன. கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். உடம்பே இல்லாத இடத்தில் உயிர் எங்கிருந்து வரும் என்பதுதான் 1976இல் லெவினுக்கு எதிராக நின்ற பெரிய வாதம். மூன்றாவது உயிரியல் சோதனையை நடத்திய நார்மன் ஹோரோவிட்ஸுக்குத் தன் சோதனையில் வந்த சின்ன பாசிட்டிவ் மேலேயே நம்பிக்கை இல்லை.

அந்தப் பெரிய வாதம் பிறகு ஆட்டம் கண்டது. ராக்கெட் தம்பி சொன்ன பெர்குளோரேட் முக்கியமாக வருவது இந்த இடத்தில்தான். தம்பி, ஒரு திருத்தம். பெர்குளோரேட் குளிரில் சாது. வைக்கிங் அறையில் இருந்த 10 டிகிரி சுமாரில் அது சத்துநீரைத் தொடக்கூட மாட்டாது. சூடாக்கினால்தான் சீறும். பீமனின் அடுப்பில் நடந்தது அதுவாக இருக்கலாம்: மண்ணில் கரிமப் பொருள் இருந்திருந்தாலும் பெர்குளோரேட் அதை எரித்துக் குளோரோமீத்தேனாக மாற்றியிருக்கும். 2010இல் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட் கலந்து சூடாக்கிப் பார்த்தபோது அதே வாயுக்கள் வந்தன. லெவினின் சொட்டு விஷயத்துக்கு விளக்கம் 2013இல் வந்தது. பெர்குளோரேட் மேல் காமா கதிர் படும்போது அதற்குள் ஹைப்போகுளோரைட் உண்டாகிறது. நாங்கள் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வதும் அதுவே. அப்படிக் கதிர் பட்ட உப்பில் லெவினின் சத்துநீரை விட்டால் வைக்கிங் போலவே வாயு வருகிறது.

ஆக 1976இல் "உயிர் இல்லை" என்று முடிவு கட்டியதற்குச் சொன்ன முக்கியக் காரணம் பலவீனப்பட்டுவிட்டது, "உயிர்" என்று சொல்லவும் போதுமானதாக ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த அறிக்கையில் "மறு மாதிரி தேவை" என்று எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். ஊர்க்காரர்கள் திட்டுவார்கள், ஆனாலும் அப்படித்தான் எழுதுவோம்.

தாமிரபரணி_வாத்தியார்

மேடம், ரொம்ப நன்றி. டர்ஹாம் குழாயைப் படமாக வரைந்தே காட்டப்போகிறேன். மறு மாதிரி என்றீர்களே, அதுதான் என் இரண்டாவது கேள்வி. ஏன் எடுக்கவில்லை?

பாறை_படிப்பவன்

நான் புவியியல் பக்கம். அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

வைக்கிங்குக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர் செலவானது. கிடைத்த முடிவை ஆளுக்கு ஒரு விதமாகப் படித்தார்கள். அதற்குப் பிறகு 1997 ஜூலை 4இல் பாத்ஃபைண்டர் இறங்கும்வரை செவ்வாய்த் தரையில் எந்தக் கலமும் வேலை செய்யவில்லை. இடையில் 1996 நவம்பரில் ரஷ்யா அனுப்பிய மார்ஸ் 96இல், மண்ணின் ஆக்சிஜனேற்றத் தன்மையை அளக்க அமெரிக்காவில் செய்த ஒரு கருவி இருந்தது. வைக்கிங் புதிரை நேராகத் தொடும் கருவி. கலம் பூமியைத் தாண்டவே இல்லை, திரும்ப விழுந்துவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம்.

பிறகு நாசா பாதையை மாற்றிக்கொண்டது. உயிரை நேரடியாகத் தேடாமல், முதலில் தண்ணீர் எங்கே ஓடியது, எங்கே தேங்கியது, அந்தச் சேறு எங்கே பாறையானது என்று தேடினார்கள். நான் இதைச் சரியென்றே சொல்வேன். 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி, பழைய ஏரிச் சேற்றுப் பாறையில் துளைபோட்டுக் கரிமப் பொருள்களைக் கண்டது. 2025இல் அதே பாறைத் தூளில் டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன் என்ற நீண்ட சங்கிலிகள்கூட வெளிவந்தன. "உடம்பே இல்லை" என்ற பழைய வாதத்துக்கு இனி இடமில்லை.

இப்போது எல்லார் கண்ணும் பெர்சிவரன்ஸ் ஊர்தி மேல். 2024 ஜூலையில் ஜெசெரோ பள்ளத்துக்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் சியாவா ஃபால்ஸ் என்று பேர் வைத்த ஒரு பாறையைக் கண்டது. செம்மண் நிறப் பாறையில் மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கருப்பு விளிம்பு. சிறுத்தைப் புள்ளி என்றே கூப்பிடுகிறார்கள். அந்த விளிம்பில் விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட், புள்ளிக்குள் கிரைகைட் என்ற இரும்பு சல்பைடு இருப்பதற்கான தடயம், கூடவே கரிமப் பொருள். பூமியில் சதுப்புச் சேற்றில் நுண்ணுயிர்கள் இரும்பையும் கந்தகத்தையும் மூச்சுக்குப் பயன்படுத்தும் இடங்களில் இந்தத் தாதுக்களை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். உயிரில்லாமலும் உண்டாகலாம், ஆனால் அந்த வழிகளில் சிலவற்றுக்கு நல்ல சூடு வேண்டும், அந்தப் பாறை அப்படிச் சூடானதற்கு அடையாளம் தெரியவில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆய்வுக் கட்டுரையும் "உயிர்த்தடமாக இருக்கக்கூடும்" என்ற அளவோடு நின்றது.

மேடம் மொழியில் சொன்னால் இதுவும் பிரிசம்ப்டிவ்தான். உறுதி செய்ய அந்தப் பாறைத் துண்டு பூமிக்கு வர வேண்டும். சஃபையர் கேன்யன் என்று பேரிட்டுக் குழாயில் அடைத்தும் வைத்தாயிற்று. திரும்பக் கொண்டுவரும் திட்டம்தான் செலவு தாங்காமல் தடுமாறிக் கிடக்கிறது.

ராக்கெட்_ரசிகன்

அக்கா, பெர்குளோரேட் குளிரில் சாது என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. இன்னொரு சந்தேகம். வறண்ட மண்ணில் பழகிய உயிரை நாமே தண்ணீர் ஊற்றிக் கொன்றிருக்கலாம் என்று டிர்க் ஷுல்ஸே-மகுச் என்ற விஞ்ஞானி சொல்வதாகப் படித்தேன். அது நடக்கக்கூடியதா? இரண்டாவது சொட்டுக்கு வாயு வராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாமே?

குடிநீர்_லேப்

நடக்கக்கூடியதுதான் தம்பி. 2015க்கும் 2017க்கும் இடையில் அட்டகாமாவின் மிக வறண்ட பகுதியில் யாரும் பார்த்திராத மழை பெய்து குட்டைகள் தேங்கின. அந்த மண்ணில் காலம் காலமாக வாழ்ந்த நுண்ணுயிர் இனங்களில் பெரும்பாலானவை அந்தக் குட்டைகளில் இல்லாமல் போயின. பஞ்சத்தில் பிழைத்தது வெள்ளத்தில் செத்தது. லெவினும், முதல் சொட்டுக்குப் பிறகு உயிர்கள் செத்திருக்கலாம் என்றே பதில் சொன்னார். மறுக்க முடியாத வாதம். ஆனால் நிரூபிக்கவும் முடியாது, என் சங்கடம் அதுதான். வாயு வந்தாலும் உயிர், வராவிட்டாலும் செத்த உயிர் என்றால் அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்த தடவை எப்படிச் செய்ய வேண்டும் என்று லெவினே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அலனைன், லாக்டேட் போன்றவற்றுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்ட எடுப்பது இடக்கை அமினோ அமிலங்களைத்தான். வைக்கிங் சொட்டில் இரண்டு கையும் கலந்தே இருந்தது. இரண்டையும் தனித்தனி அறையில் விட்டால், பிளீச்சிங் பவுடர் மாதிரி வேதிப்பொருள் வித்தியாசம் பார்க்காமல் இரண்டையும் உடைக்கும். உயிர் ஒன்றைத்தான் விரும்பி எடுக்கும். இவ்வளவு எளிய திருத்தம், அதைச் செய்து பார்க்காமலேயே அவரும் ஸ்ட்ராட்டும் போய்விட்டார்கள் என்பது எனக்கு ஆறவே இல்லை. 2028இல் ஐரோப்பா அனுப்பத் திட்டமிட்டிருக்கும் ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி சத்துநீர் ஊற்றப்போவதில்லை, ஆனால் மூலக்கூறின் கையைப் பிரித்துப் பார்க்கும் கருவி அதில் இருக்கிறது. கதிர் அதிகம் எட்டாத இரண்டு மீட்டர் ஆழம்வரை துளையும் போடும். நான் காத்திருப்பது அதற்குத்தான்.

செவ்வாயில் குடியேறுவது பற்றி இங்கே நிறையப் பேர் எழுதுகிறார்கள், அவர்களுக்கும் ஒன்று. பெர்குளோரேட் தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். அந்த மண்ணில் கீரை வளர்ப்பதற்கு முன் மண்ணைக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யவும் வேண்டும். அங்கே முதலில் போகிறவர்களோடு ஒரு குடிநீர்ப் பரிசோதகரும் போக வேண்டியிருக்கும்.

வாத்தியார் சார், இதை வகுப்பில் செய்தே காட்டலாம். இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே தெரியாமல் மறைத்துவிடுங்கள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஈஸ்ட்டும். இன்னொன்றில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை, கூடப் போட்டால் கணக்குத் தப்பிவிடும். ஈஸ்ட் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும், சோடா பாட்டிலில் சோடா முழுக்கத் தீரும் அளவு எலுமிச்சைச் சாறும் விட்டு, வாயில் பலூனை மாட்டுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பலூனின் சுற்றளவை நூலால் அளந்து பிள்ளைகளையே வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டு பலூனும் உப்பும். எது உயிர் என்று அப்போதே கேட்டு, சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலூன் ஏறுவது நின்ற பிறகு பழைய பலூனைக் கழற்றிப் புதிது மாட்டி, இரண்டாவது தடவை சர்க்கரையும் சாறும் விடுங்கள். ஈஸ்ட் பாட்டிலுக்கு நேரம் பிடிக்கும், ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தாமிரபரணி_வாத்தியார்

செய்துவிடுகிறோம் மேடம். ஈஸ்ட் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது, பேக்கரிக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைகள் போடும் வரைபடத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். கேள்வி கேட்ட பிள்ளையையே நூல் பிடிக்கச் சொல்கிறேன்.